லூப் லைனில் எண்ணியவர்

ரயில்வே வேலையை முடித்துக்கொண்டு எம்ப்ரிக் ஹௌகன் ஒரேயடியாக வீட்டுக்கு வந்த அன்று, அவர் மனைவி சிக்னே அவரை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டாள்.

"சட்டையை அங்கயே கழட்டு. தார் நாத்தம் உள்ள வர வேண்டாம். இனிமே நீ இந்த வீட்டு ஆளு."

"இத்தனை நாளா எந்த வீட்டு ஆளாம்?"

"ரயில்காரன் வீட்டு ஆளு. இங்க ஞாயித்துக்கிழமை விருந்தாளி."

அவள் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. வடக்கு மொன்டானாவில் கெர்டா என்கிற சின்ன ரயில் நிறுத்தத்தில் எம்ப்ரிக் தண்டவாளம் பராமரிக்கும் கேங்குக்கு மேஸ்திரியாக இருந்தார். வாரத்தில் ஆறு நாள் தண்டவாளத்தில். பனி விழுந்தால் ஏழு நாளும். நார்வேயின் ஒரு மலைப் பள்ளத்தாக்கிலிருந்து பதினெட்டு வயதில், மாமாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு கப்பலேறி வந்தவர். முதல் வேலை ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்குவது. அதிலிருந்து மேஸ்திரியானது கண்ணால். தண்டவாளத்தின்மேல் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி, கன்னத்தை இரும்பில் வைத்துப் பார்ப்பார். எங்கே அமுங்கியிருக்கிறது, எங்கே துருத்துகிறது என்று எழாமலேயே சொல்வார். கீழே வேலை செய்தவர்களுக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் அவரோடு வேலை செய்யப் பிடிக்காது. ஒரு விரல் தப்பினாலும் மறுபடி செய்யச் சொல்வார். அதைச் சும்மா சொல்லவும் மாட்டார். நாலு பேர் கேட்கிற மாதிரி சொல்வார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அரசாங்கம் அந்தப் புல்வெளியைக் குடியேற வருகிறவர்களுக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தது. நிலத்தில் வீடு கட்டிக் குடியிருந்து, உழுது விதைத்துக் காட்ட வேண்டும். சில வருஷம் தாக்குப்பிடித்தால் பட்டா. சம்பளத்தை விட்டுவிட்டு நிலத்தை நம்பினவர்கள் பாதிப் பேர் மூன்றாவது கோடையிலேயே மூட்டை கட்டினார்கள். அதனால் ரயில்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். புருஷன் தண்டவாளத்தில், பெண்டாட்டி நிலத்தில். சட்டப்படி குடும்பம் அங்கே குடியிருந்தால் சரி. சிக்னே அப்படித்தான் கல்யாணமான இரண்டாம் மாதமே, தார்க்காகிதம் சுற்றின ஒற்றையறைப் பலகை வீட்டில், ஒரு பசுவோடும் ஒரு துப்பாக்கியோடும் குடியேறினாள். அங்கேயேதான் நாலு பிள்ளை பெற்றாள். அறைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள்.

நிலம் தண்டவாளத்தை ஒட்டியே இருந்தது. எல்லையைக் காண்பிக்கக் கூலிக்கு ஆள் வரும். எம்ப்ரிக் கூப்பிடவில்லை. ரயில்காரர்கள் எதையும் தண்டவாளத்தைக் கொண்டே அளப்பார்கள். கடை எவ்வளவு தூரம் என்று கேட்டால் பத்துத் தந்திக் கம்பம் என்பார்கள். ஒரு தண்டவாளத் துண்டின் நீளம் எல்லோருக்கும் தெரியும். இணைப்புகளை எண்ணிக்கொண்டே நடந்தால் தூரம் கிடைத்துவிடும். மேற்கே பாலத்தடியில் அரசாங்கம் நட்ட மூலைக்கல் இருந்தது. அங்கிருந்து அரை மைலில் இருக்க வேண்டிய நடுக்கல்லைக் காணோம். எவனாவது ஆட்டுக்காரன் அடுப்புக்குத் தூக்கியிருப்பான். எம்ப்ரிக் மூலைக்கல்லிலிருந்து இணைப்புகளை எண்ணிக்கொண்டே நடந்தார். அரை மைல் முடிந்த இடத்தில் ஒரு கட்டையை அடித்தார். அதற்குக் கிழக்கே தன் நிலம் என்று குறித்துக்கொண்டார்.

அடுத்த வசந்தத்தில் மேற்குப் பக்கத்து நிலத்தை எடுத்துக்கொண்டு ஹால்வோர் பிரெக்கேயும் அவர் மனைவி ராண்டியும் வந்தார்கள். ஹால்வோர் அந்தக் கட்டையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"மேஸ்திரி அளந்ததா? அப்போ நான் எதுக்கு அளக்கணும்?"

இரண்டு வீடும் எல்லையை ஒட்டி, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் எழும்பின. பெண்கள் இரண்டு பேரும் அப்படித்தான் வேண்டும் என்றார்கள். குளிர்காலத்தில் சிக்னே மேற்கு ஜன்னலில் ஒரு விளக்கு வைப்பாள், ராண்டி கிழக்கு ஜன்னலில் ஒன்று வைப்பாள். விளக்கு எரிந்தால் அங்கே எல்லாரும் நலம்.

கிணறுதான் பெரிய பாடு. எம்ப்ரிக் ஞாயிற்றுக்கிழமைகளில் தோண்டினார், சிக்னே மேலே நின்று வாளியில் மண்ணை இழுத்தாள். முதல் இரண்டு குழியிலும் உப்புக் கசப்பு. மூன்றாவது, வீட்டுக்கு மேற்கே பத்தெட்டில், இனித்தது. சிக்னே முதல் குவளையைக் குடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஹால்வோரும் தோண்டினார். அவர் தண்ணீருக்குக் குதிரையே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. அதிலிருந்து அவர் தினம் காலையில் குதிரை இழுக்கும் சறுக்குப் பலகையில் பீப்பாயை ஏற்றி, எம்ப்ரிக்கின் கிணற்றுக்கு வந்து இறைத்துப் போவார். யாரும் யாரையும் கேட்கவில்லை. தண்ணீருக்குக் கேட்பது அந்த ஊரில் வழக்கமில்லை.

பிறகு அந்தப் பசு விவகாரம். ஹால்வோரின் சிவப்புப் பசு, ராண்டியின் அப்பா கொடுத்தது, வேலிக் கேட்டு வழியாகத் தண்டவாளத்துக்கு வந்து சரக்கு ரயிலில் அடிபட்டது. ரயில்வே தன் வேலியைச் சரியாக வைக்காமல் போயிருந்தால் நஷ்டஈடு உண்டு. கேட்டைத் திறந்து போட்டது நிலத்துக்காரர் என்றால் கிடையாது. பார்த்து எழுத வேண்டியவர் மேஸ்திரி. கேட்டு திறந்து போடப்பட்டிருந்தது என்று எம்ப்ரிக் பார்த்ததை எழுதினார். நஷ்டஈடு கிடைக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். அன்று மாலை கடையில், அடுப்பைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தபோது, "கேட்டைச் சாத்தத் தெரியாதவனுக்கு மாடு எதுக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஹால்வோர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் அவர் எம்ப்ரிக்கோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தண்ணீர் வேண்டுமே. தினம் காலையில் வருவார். நேரே பார்த்துக்கொண்டு இறைப்பார். நேரே பார்த்துக்கொண்டு போவார். சிக்னேயோடு மட்டும் பேசுவார். பிள்ளைகள் வெளியூர் போய், ராண்டியும் செத்த பிறகு, சிக்னே உருளைக்கிழங்கு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கிணற்று மூடிமேல் வைப்பாள். மறுநாள் துணி துவைத்து மடித்து அதே இடத்தில் இருக்கும்.

இப்படியிருக்கையில் எம்ப்ரிக் ஓய்வு பெற்றார். மறு வருஷம் இரண்டாம் உலகப் போர் முடிந்து அந்தப் பக்கத்துக்கு மின்சாரம் வர ஏற்பாடானது. கம்பங்களை எல்லை ஓரமாக நட வேண்டும். அதற்கு எல்லை எது என்று தெரிய வேண்டும். அடுத்த ஜூன் மாதத்தில் ஒரு காலை, நில அளவைக்காரர் மூன்று கால் வைத்த அளவுக் கருவியோடும் சங்கிலியோடும் வந்தார். சிக்னே அன்று சர்ச்சுப் பெண்களோடு சேர்ந்து அங்கேயுள்ள காப்பிக் கெட்டில்களைத் துலக்கப் போயிருந்தாள். எம்ப்ரிக் கூடவே நடந்தார். வேலையைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும். சங்கிலியை ஆள் தொய்வில்லாமல் பிடிக்கிறான் என்று மனதுக்குள் பாராட்டினார்.

சிவப்புத் துணி கட்டின குச்சியை அளவைக்காரர் வீட்டுக்குக் கிழக்கே, சிக்னேயின் ருபார்ப் செடிப் பாத்தி நடுவில் நட்டார்.

"இது எதுக்கு இங்க?" என்றார் எம்ப்ரிக்.

"இதான் எல்லை."

"எல்லை அதோ அந்தக் கட்டை. கிணத்துக்கு அந்தாண்ட."

அளவைக்காரர் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "ரெண்டு தடவை அளந்துட்டேன், ஐயா. உங்க நிலம் இங்க இருந்து கிழக்க. வீடு, கிணறு ரெண்டும் பக்கத்து நிலத்துல இருக்கு. நீங்களும் அவரும் பேசித் தீர்த்துக்கிட்டா நல்லது. வக்கீல்கிட்ட போனா இழுக்கும். எந்தப் பக்கம் விழும்னு சொல்ல முடியாது."

அவர்கள் போன பிறகு எம்ப்ரிக் பாலத்தடிக்குப் போனார். மூலைக்கல் அங்கேயே இருந்தது. அதில் கால் வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்தார். மெயின் லைன் நேராகப் போனது. அதற்குப் பக்கத்தில், கெர்டாவின் லூப் லைன், ரயில் ஒதுங்கி நிற்கிற பாதை, கொஞ்ச தூரம் கூடவே ஓடிப் பிறகு சேர்ந்துகொண்டது. பார்த்தவுடன் கல்லிலிருந்து காலை எடுத்தார்.

அளந்த அந்த நாள் ஞாபகம் வந்தது. காலையில் ஜல்லி வண்டி வந்து மெயின் லைன் முழுக்கக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. தண்டவாளத்தின் தலை மட்டும் தெரிந்தது, இணைப்புகள் கல்லுக்குள். எண்ணிக்கொண்டே வந்தவர், அதனால் என்ன என்று பக்கத்துப் பாதைக்குத் தாண்டி, லூப் லைனில் எண்ணிக்கொண்டு போனார். லூப் லைனில் கிடப்பது பழைய இரும்பு. மெயின் லைனில் தேய்ந்து முனை நசுங்கினதை, முனையை வெட்டி எறிந்துவிட்டு அங்கே போடுவார்கள். ஒவ்வொரு துண்டும் குட்டை. எந்தக் கேங்மேனுக்கும் தெரிந்த விஷயம். அந்த வெட்டின துண்டுகளை முந்தின இலையுதிர் காலத்தில் அங்கே போட்டதே எம்ப்ரிக்தான். நிலம் கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் மனம் எங்கோ இருந்திருக்கிறது. துண்டு குட்டையானால் கணக்கில் அரை மைல் சீக்கிரம் முடிந்துவிடும். கட்டை மேற்கே விழும். வீடு இன்னொருவர் நிலத்தில் நிற்கும்.

சிக்னே திரும்பி வந்ததும் அவர் சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டார். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவர். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வீடு?"

"அவர் நிலம்."

"கிணறு?"

"அதுவும்."

"அப்போ நாலு புள்ளையும் ஹால்வோர் நிலத்துலயா பெத்தேன்?"

"சிக்னே…"

"இரு. நான் சிரிக்கிறதா அழறதான்னு பாக்கிறேன்." இரண்டும் செய்யவில்லை. ஜன்னல் வழியாகக் கிணற்றைப் பார்த்தாள். "வீட்டைப் பிரிச்சு அந்தாண்ட கட்டிக்கலாம். கிணத்தைத் தூக்கிட்டுப் போக முடியாது. இன்னொரு கிணறு தோண்ட உனக்கும் தெம்பில்ல, மண்ணு இழுக்க எனக்கும் தெம்பில்ல. நாளைக்குக் காலையில அவர் தண்ணிக்கு வர்றதுக்குள்ள நீ போய்ச் சொல்லு. அளவைக்காரன் வாயால அவர் கேக்கக் கூடாது."

"நாங்க பேசறதில்லியே."

"அவர்தான் உன்கிட்டப் பேசறதில்ல. உன்னைப் பேச வேண்டாம்னு யாரு சொன்னா?"

காலையில் எம்ப்ரிக் சவரம் செய்துகொண்டு போனார். ஹால்வோர் மாட்டுக் கொட்டகையில் பாலை வடிகட்டிக்கொண்டிருந்தார். ஆள் வந்ததைப் பார்த்தார். மறுபடி பாலைப் பார்த்தார்.

"நீ பேச வேண்டாம். கேட்டா போதும்," என்றார் எம்ப்ரிக். "கம்பத்துக்காக அளந்தாங்க. எல்லை என் வீட்டுக்குக் கிழக்க விழுது. வீடும் கிணறும் உன் நிலத்துல இருக்கு."

பால் விழுகிற சத்தம் நின்றது.

"என்ன சொன்னே?"

இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு.

"வீடும் கிணறும்…"

"அது காதுல விழுந்துச்சு. எப்படின்னு கேக்கிறேன்."

"தப்பா எண்ணிட்டேன்."

"யாரு?"

"நான்."

"நீயா? மேஸ்திரி எம்ப்ரிக் ஹௌகனா?"

"ஜல்லி கொட்டியிருந்தாங்க. லூப் லைன்ல ஏறி எண்ணினேன்."

ஹால்வோர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். பூனை வந்து வாயை வைத்தது, அவர் விரட்டவில்லை.

"லூப் லைன்ல துண்டு குட்டைய்யா! கெர்டாவுல கோழிக்குக் கூடத் தெரியும். அந்தத் துண்டைப் போட்டது யாரு?"

"நான்தான்."

ஹால்வோர் முக்காலியில் உட்கார்ந்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். மாடுகள் திரும்பிப் பார்த்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, ராண்டி இல்லாமப் போயிட்டாளே இதைக் கேக்க," என்றார். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார்: "சரி. இப்போ நான் ஒண்ணு கேப்பேன். அந்தக் கேட்டைக் காத்துதான் திறந்துச்சுன்னு சொல்லு. உன் வாயால. அப்புறம் வீட்டைப் பத்திப் பேசலாம்."

எம்ப்ரிக் சுவரில் மாட்டியிருந்த சேணத்தைப் பார்த்தார். சிக்னே ஜன்னலில் நிற்பாள் என்று தெரியும். ஒரு வார்த்தைதான். யாருக்கும் நஷ்டமில்லாத வார்த்தை. வாயைத் திறந்தார். வரவில்லை.

"கேட்டைத் திறந்து, கொக்கியை எதிர் ஆணியில மாட்டியிருந்துச்சு, ஹால்வோர். காத்து அப்படி மாட்டாது. உனக்கே தெரியும்."

ஹால்வோர் வடிகட்டின துணியைப் பிழிந்தார்.

"ஆனா எழுதினதோட நான் நிறுத்தியிருக்கணும்," என்றார் எம்ப்ரிக். "கடையில அத்தனை பேர் நடுவுல உன்னை அப்படிச் சொன்னது அதிகப்பிரசங்கித்தனம். அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். வரல. இப்போ வீட்டுக்காக வந்து சொல்றேன்னு நீ நினைச்சா, அதுவும் நியாயம்தான்."

ஹால்வோர் பூனையைக் காலால் மெல்ல ஒதுக்கினார்.

"மாட்டுக்காக இல்ல," என்றார். "மாடு போனா போச்சு. கேட்டைச் சாத்தாம வந்தது ராண்டி. கைக்குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வந்தா, மறந்துட்டா. நீ கடையில சொன்னது சாயங்காலமே அவ காதுக்கு வந்துடுச்சு. அப்பா கொடுத்த மாட்டைக் கொன்னுட்டேன்னு வாரக்கணக்கா அழுதா. ஊரு சிரிச்சது என்னைன்னு நீ நினைச்சே."

எம்ப்ரிக் தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். "எனக்குத் தெரியாது," என்றார். "தெரியாதுதான்," என்றார் ஹால்வோர். வெளியே காலை ரயில் போனது. வழக்கம்போல எம்ப்ரிக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ஓய்வு வாங்கினப்புறமும் கேக்கிறியா?"

"பாலத்துக்கிட்ட ஒரு இணைப்பு தளர்ந்திருக்கு."

"லூப் லைன்லயா?" என்றார் ஹால்வோர்.

வீட்டைப் பற்றி ஹால்வோர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எம்ப்ரிக்குக்குத் தெரிந்துவிட்டது. கேலி செய்கிற மனுஷன் வீட்டைப் பிடுங்க மாட்டான்.

பிறகு ஹால்வோர் காரியத்துக்கு வந்தார். குச்சியால் கொட்டகைத் தரையில் கோடு போட்டார். "கோட்டை மேற்க நகத்திக்கலாம். உன் வீடு உனக்கு. அதுக்குப் பதிலா வடகோடியில உன் புல்லுப் பள்ளம் இருக்கே, அதே அளவு எனக்குக் கொடு. எனக்குத் தீவனம் பத்தல. கோடு கிணத்துக்கு நடுவுல போகணும். இந்தாண்ட பாதி என்னுது, அந்தாண்ட பாதி உன்னுது. இத்தனை வருஷம் உன் கிணத்துல இறைச்சேன். இனிமே என் கிணத்துலதான் இறைப்பேன்."

"ஆகட்டும்."

"இன்னும் ஒண்ணு. கடையில நான்தான் சொல்வேன். நீ குறுக்க வரக் கூடாது."

எம்ப்ரிக் நேரே வீட்டுக்கு வந்தார். சிக்னே கதவருகே நின்றிருந்தாள். "ஒண்ணும் போகல," என்றார். "பாதிக் கிணறுதான் போச்சு." அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்வது மாதிரி பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு, "காப்பி ஆறிடுச்சு, உன்னாலதான்," என்று உள்ளே போய் மறுபடி அடுப்பில் வைத்தாள்.

கடையில் ஹால்வோர் சொன்னார். ஒரு தடவை இல்லை. புது ஆள் யார் வந்தாலும் முதலிலிருந்து சொன்னார். ஜல்லி வண்டியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார், குட்டைத் துண்டுக்கு வரும்போது கையால் அளந்து காட்டுவார். அடுப்பைச் சுற்றி எல்லாரும் எம்ப்ரிக்கைப் பார்த்துச் சிரிப்பார்கள். எம்ப்ரிக் தன் குவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் சில தடவை காது சிவந்தது. அப்புறம், ஹால்வோர் ஏதாவது விட்டுவிட்டால், "கோழியை மறந்துட்டே," என்று அவரே எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தார்.

இலையுதிர் காலத்துக்குள் பத்திரம் பதிந்து, வேலியும் போட்டார்கள். வடக்கேயிருந்து வந்த கம்பி கிணற்றருகே நின்றது. கிணற்றுக்குத் தெற்கே மறுபடி தொடங்கியது. நடுவில் கிணறு இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. மாடு புகுந்துவிடாமல் இருக்க அங்கே ஒரு சின்னக் கேட்டு வேண்டியிருந்தது. ஹால்வோர் யாரையும் தொடவிடாமல் தானே செய்தார். கொக்கி இரும்பு, கனமானது.

மின்சாரம் வந்த அன்று பொழுது சாயும் நேரத்தில் சிக்னே மேற்கு ஜன்னலில் நின்று பார்த்தாள். ராண்டி போனதிலிருந்து இருட்டாகவே இருந்த ஹால்வோர் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் ஒரு பல்பு எரிந்தது. "பாத்தியா," என்றாள். "பாத்தேன்," என்றார் எம்ப்ரிக்.

எம்ப்ரிக் அதற்கப்புறம் பல வருஷம் இருந்தார். தண்டவாளப் பக்கம் போவது குறைந்தது. கோதுமை விதைத்தார், வேலி பார்த்தார், சிக்னேயின் பாத்திக்குத் தண்ணீர் சுமந்தார். எதையாவது அளக்க வேண்டி வந்தால் இரண்டு தடவை அளந்தார். மற்றவர்களின் வேலையைப் பார்த்துச் சொல்ல வாய் வந்தால், பாதியில் நிறுத்தி, தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்.

தினமும் விடிந்ததும் அவர் மேஜையில் காப்பியோடு உட்காருவார். சறுக்குப் பலகை வரும் சத்தம் கேட்கும். வாளி இறங்கும், ஏறும். "மேஸ்திரி, எழுந்தாச்சா?" என்று குரல் வரும். "எழுந்தாச்சு," என்பார். பிறகு ஹால்வோர் கேட்டைச் சாத்துவார். கொக்கியை மாட்டுவார். மாட்டினதைக் கழற்றி, இன்னொரு தடவை, வீட்டுக்குள் நன்றாகக் கேட்கிற மாதிரி, ஓங்கிச் சாத்துவார்.

சிக்னே அடுப்படியிலிருந்து சொல்வாள்: "சாத்தியாச்சாம்."

எம்ப்ரிக் தலையை ஆட்டிக்கொண்டு காப்பியைக் குடிப்பார்.